போர்வெல்லுக்கு மேலே போகும் கம்பி

மின்வாரியத்தில் டவர் லைன் போகும் வயல்களில் பாதிப்பு எழுதுவதுதான் ஓய்வு பெறும்வரை என் வேலை. டவரின் கால்கள் நிற்கும் இடத்துக்கு இழப்பீடு உண்டு. வெட்டுகிற மரங்களுக்கும் உண்டு. கம்பிக்குக் கீழே கடலை போடலாம், மல்லிகை வைக்கலாம். தென்னையும் வீடும் கூடாது என்பதால் அந்த நிலத்துக்கும் ஒரு பங்கு உண்டு. போர்வெல் தரைக்குள் இருப்பது. அதற்கு நேராக ‘பாதிப்பு இல்லை’ என்று எழுதிவிட்டு அடுத்த வயலுக்குப் போய்விடுவோம்.

கறம்பக்குடிப் பக்கம் செல்வராணி என்பவரின் கொல்லையிலும் அப்படித்தான் எழுதப் போனேன். டவர்கள் நின்றுவிட்டன, கம்பி இன்னும் இழுக்கவில்லை. அவருடைய மல்லிகைக்கு அந்த ஒரு போர்தான் தண்ணீர்.

“சார், இந்த போருக்கு நேர் மேலயா கம்பி போகுது?”

“ஆமாம்மா. போருக்கு ஒண்ணும் ஆகாது.”

“போருக்கு ஆகாதுங்க. ஒங்க கரண்டு லட்சணத்துக்கு வருசா வருசம் மோட்டாரு காயிலு கருகுதே, அத எப்புடிங்க மேல எடுக்குறது?”

எனக்கு ஒரு வியாதி. பதில் தெரியாத கேள்வி வந்துவிட்டால் சோறு இறங்காது. அன்றைக்கே கடைவீதிக்குப் போய், போர் மோட்டார் தூக்கும் வண்டி வைத்திருக்கும் முருகேசனைப் பிடித்தேன்.

“வண்டியில இருக்க கம்பத்த நிமித்தி, குழாய ஒண்ணொண்ணாத் தூக்கிக் கழட்டணும் சார். மேல கரண்டு கம்பி போனா அங்கிட்டு வரவே மாட்டேன். எம் பொண்டாட்டி பிள்ளைக்கு யாரு பதில் சொல்றது?”

அப்படியென்றால் போர் இருக்கும், தண்ணீரும் இருக்கும், மோட்டார் ஒருமுறை கருகினால் செடியெல்லாம் காயும். ‘போர்வெல்லுக்குப் பாதிப்பு உண்டு’ என்று எழுதி அனுப்பினேன். எங்கள் செயற்பொறியாளர், இ.இ., கூப்பிட்டுவிட்டார்.

“என்னய்யா இது? ஆகாசத்துல போற கம்பியால தரைக்குள்ள கெடக்குற போருக்கு என்ன பாதிப்பு?”

“நேர்ல வந்து பாத்துருங்க சார்.”

மனிதர் வந்துவிட்டார். முருகேசன் போரை ஒட்டி வண்டியை நிறுத்திக் கம்பத்தை நிமிர்த்தினார். வெயிலில் கம்பி தொய்ந்தால் எந்த உயரத்துக்கு இறங்கும் என்பதை வரைபடத்தில் காட்டினேன். கம்பத்தின் தலை அதைத் தாண்டி நின்றது. இ.இ. அண்ணாந்து பார்த்தபடியே இருந்தார். அவரையும் கேள்வி பிடித்துக்கொண்டது.

“கம்பத்தப் பாதி நிமித்தினா?”

“பாதிக் குழாய்தான் சார் வரும்” என்றார் முருகேசன்.

இ.இ. சிரித்துவிட்டார். “சரி, எழுதுய்யா.”

கம்பிப் பாதைக்கு வெளியே புதுப் போர் போடுவதற்கான செலவும் இழப்பீட்டில் சேர்ந்தது. கம்பி இழுக்கும் முன்பே புதுப் போரில் தண்ணீர் வந்துவிட்டது. செல்வராணி போன் செய்தார். எனக்கு உள்ளூர ஒரே சந்தோஷம். நன்றி சொல்லப் போகிறார் என்று காதை நீட்டிக்கொண்டிருந்தேன்.

“சார், ஒண்ணு கேக்கணும். நாளைக்கு இன்னொரு லைன் வந்து, இந்த போருக்கு மேலயும் போகாதுல்ல?”



“வந்தா, அளக்க வர்றவர்கிட்ட மொதல்ல மோட்டாரப் பத்திக் கேளுங்கம்மா” என்றேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருந்தால், அந்த அளக்க வருகிறவர் நீங்களாக இருக்கலாம். நிலத்துக்காரர் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். ‘பாதிப்பு இல்லை’ என்று எழுதும் முன் நீங்களே கேட்டுவிடுங்கள்.