கொழும்பு நேரத்தில் ஒரு பரீட்சை

எங்கள் ஊரில் யாராவது ஒரு நேரத்தைச் சொன்னால் மறுகேள்வி ஒன்றுதான்: "பழைய நேரமோ, புது நேரமோ?" கொழும்பு எப்போதோ மணிக்கூட்டை அரை மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளிவிட்டது. இயக்கத்தின் கையில் இருந்த எங்கள் வன்னி தள்ளவில்லை. ஓமந்தைச் சோதனைச்சாவடிக்கு அந்தப் பக்கம் பத்து மணி என்றால் இந்தப் பக்கம் எங்களுக்கு ஒன்பதரை. கலியாணம், செத்தவீடு, பள்ளிக்கூடம் எல்லாம் பழைய நேரத்தில்தான். சமாதான காலம் வந்து, பாதை திறந்து, சனம் கொழும்புக்குப் போய்வந்தபோதும் மணிக்கூடு அப்படியேதான் இருந்தது.

நான் அப்போது கண்டாவளைப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தொண்டர் ஆசிரியை. தொண்டர் என்றால் சம்பளமில்லை, வேலை மட்டும் குறைவில்லை. கொழும்பில் ஒரு நிறுவனம் இணையத்தில் ஆசிரியர் டிப்ளோமா நடத்துகிறது என்று கேள்விப்பட்டுச் சேர்ந்தேன். அது கையில் இருந்தால் நிரந்தர நியமனத்துக்கு விண்ணப்பிக்கலாம்.

முதல் பாடமே நேர முகாமைத்துவம். வாரத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, அமைதியான ஓர் இடத்தில் நாள்தோறும் குறித்த நேரத்தில் இணையத்தில் அமரவேண்டுமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கரண்ட் இல்லாத ஊரில் எந்த அமைதியான இடம்? கிளிநொச்சியில் கூரையில் டிஷ் பூட்டிய ஓர் இன்ரர்நெற் கடை இருந்தது. கடைக்காரர் ஜெனரேற்றர் போட்டால் எனக்குக் கல்லூரி திறக்கும், நிப்பாட்டினால் பூட்டும். பாடங்களைக் கையால் எழுதிக்கொண்டு வந்து, பள்ளிக்கூட இடைவேளையிலும் அடுப்படியிலும் படித்தேன்.

முதல் பரீட்சைக்கு வீட்டுச் சுவர் மணிக்கூட்டை நம்பிப் போய்விட்டேன். நான் போய்க் கதிரையில் அமர்ந்தபோது அங்கே அரை மணித்தியாலம் ஓடி முடிந்திருந்தது. தோற்றுப்போனேன். இறுதிப் பரீட்சையிலும் தோற்றால் பெயரை வெட்டிவிடுவார்கள். அன்றைக்கே என் கைமணிக்கூட்டைப் புது நேரத்துக்குத் திருப்பினேன். அண்ணா என்னைக் "கொழும்புக்காரி" என்று கூப்பிடத் தொடங்கியதும் அன்றிலிருந்துதான்.

இறுதிப் பரீட்சை கொழும்பு நேரம் பத்து மணிக்கு. அதே நாளில் அண்ணாவுக்கும் ஒரு நேர்முகம் வந்து சேர்ந்தது. கிளிநொச்சியில் ஒரு வெளிநாட்டுத் தொண்டு நிறுவனத்தில் சாரதி வேலை, பதினொன்றரைக்கு. கண்டவர்களின் உழவு மெஷினை ஓடித் திரிந்தவருக்கு அது பெரிய வேலை. வெள்ளைச் சேட்டை மடிப்புக் குலையாமல் போட்டுக்கொண்டு என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றினார்.

"கடைக்காரரிட்டச் சொன்னனீங்களோ?"

"ஓமடி, முந்தநாளே சொல்லிப்போட்டன். ஒன்பதரைக்கு ஜெனரேற்றர் ஓடவேணும் எண்டு."

எங்கள் நேரத்துக்கு மாற்றித்தான் சொல்லியிருக்கிறார். கெட்டிக்காரர்தான். ஆனால் நாங்கள் போனபோது ஜெனரேற்றர் ஏற்கெனவே இரைந்துகொண்டிருந்தது.

"ஒன்பதுக்கே போட்டிட்டன் தங்கச்சி," என்றார் கடைக்காரர் பெருமையாக. "உங்கட அலுவல் கொழும்பு நேரம் எண்டு எனக்குத் தெரியும்தானே. ஒன்பதரை எண்டால் எங்கட ஒன்பது."

ஐயோ! அண்ணா ஒருமுறை குறைத்ததை இவரும் ஒருமுறை குறைத்திருக்கிறார்.

"பெற்றோல் எவ்வளவு கிடக்கு?" என்று அண்ணா கேட்டார்.

கடைக்காரரின் முகம் அப்போதுதான் மாறியது. பரீட்சைக்கு அளவாகத்தான் விட்டிருந்தார். பெற்றோல் செட்டிலும் நேற்றிலிருந்து ஒரு துளி இல்லை. கடைசி அரை மணித்தியாலத்துக்கு ஜெனரேற்றர் ஓடாது.

பரீட்சை தொடங்கிவிட்டது. பெரிய கேள்விகள் எல்லாம் கடைசியில் இருந்தன. கடைசியிலிருந்து எழுதலாம் என்றால் திரை விடவில்லை, ஒன்றை முடித்தால்தான் மற்றது வரும். அவசரத்தில் விரல் பிழையான எழுத்தைத் தட்டியது. ஜெனரேற்றர் ஒவ்வொருமுறை செருமும்போதும் மின்குமிழை நிமிர்ந்து பார்த்தேன். வாய்க்குள் கடைக்காரரைத் திட்டினேன், அண்ணாவைத் திட்டினேன், மணிக்கூட்டைத் தள்ளிவிட்டவர்களையும் விடவில்லை. கட்டம் கட்டச் சொன்னவர்கள் வந்து இதைக் கட்டம் கட்டட்டும் பார்ப்போம்!

முதல் பெரிய கேள்விக்கு வந்தபோது மின்குமிழ் மங்கி எழுந்தது. செத்தேன் என்று நினைத்தேன். வெளியே பார்த்தேன். அண்ணா தன் மோட்டார் சைக்கிளைச் சரித்து வைத்து, ஜெனரேற்றருக்கு விட, றபர் குழாயை வாயால் உறிஞ்சிப் பெற்றோலைத் துப்பிக்கொண்டிருந்தார். நேர்முகத்துக்குப் போட்ட வெள்ளைச் சேட்டில் ஊத்தை.

"இஞ்ச பாக்காத. எழுது!" என்று கத்தினார்.

எழுதினேன். கடைசி விடையை அனுப்பி, "பெறப்பட்டது" என்று திரை சொன்னபோது எனக்கு அழுகை வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மணிக்கூட்டைப் பார்த்தேன்.

"அண்ணா, பதினொண்டரை!"

"அது உன்ர கொழும்பு நேரம். எங்கட நேரம் இப்பதான் பதினொண்டு. வடிவா நேரம் கிடக்கு, பதறாத."

மோட்டார் சைக்கிளில் சொட்டுப் பெற்றோல் இல்லை. கடைக்காரரின் சைக்கிளை வாங்கிக்கொண்டு மிதித்தார். இந்தக் கூத்தில் எங்களுக்கென்று மிச்சம் வந்த ஒரேயொரு அரை மணித்தியாலம் அது என்று நானும் சிரித்தேன்.

நான் எதிர்பார்த்ததற்கு வெகு முன்பே திரும்பி வந்தார். சைக்கிளை மெதுவாக ஸ்டாண்டில் விட்டார்.

"அவையள் புது நேரமாம். கொழும்பு ஒபிசோட கதைக்கிறதெல்லாம் அந்த நேரத்திலதானாம். பேர் கூப்பிட்டு முடிஞ்சுது. வேற ஒருத்தரை எடுத்திட்டினம்."

பழைய நேரமோ புது நேரமோ என்று ஊரெல்லாம் கேட்கிற அந்தக் கேள்வியை, நேர்முகத்துக்கு நேரம் சொன்னபோது அவர் கேட்கவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. கடைக்காரர் தேத்தண்ணி வைத்தார். பிறகு நாங்கள் மோட்டார் சைக்கிளை மாறி மாறித் தள்ளிக்கொண்டு பரந்தன் றோட்டு வெயிலில் நடந்தோம்.

நான் பரீட்சையில் சித்தியடைந்தேன். நியமனமும் பிறகு கிடைத்தது. அண்ணா திரும்பவும் உழவு மெஷின் ஓடப் போனார். அந்த நாளைப்பற்றி ஒரு சொல் சொன்னதில்லை, கொழும்புக்காரி என்று கூப்பிடுவதையும் விட்டுவிட்டார்.

பிறகொரு சித்திரையில் கொழும்பும் பழைய நேரத்துக்கே திரும்பிவிட்டதாக ரேடியோவில் சொன்னார்கள். இனி எல்லாருக்கும் ஒரே நேரம். நான் முற்றத்தில் நின்று கைமணிக்கூட்டைப் பின்னுக்குத் திருப்பிக்கொண்டிருந்தேன். அண்ணா பக்கத்தில் வந்து முள் பின்னுக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எனக்கும் அந்த அரை மணித்தியாலத்தைத் திருப்பித் தருவினமோடி?" என்று கேட்டார்.

அவர் சிரிக்கவில்லை. நான் முள்ளைத் திருப்பி முடித்தேன்.