செத்த அக்கா எழுந்து ஓடிய படம்

போன வாரம் ஈப்போவில் எங்கள் பங்க் ராக் இசைக்குழுவின் கச்சேரி முடிந்து மாமாக் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருந்தோம். டிரம்ஸ் அடிக்கும் பையன் மீ கோரெங் நூடுல்ஸ் மேல் தக்காளி சாஸைப் பிழிந்தான். அந்த வாசனையில் எனக்கு அக்கா செத்துப்போன ஞாபகம் வந்துவிட்டது. பயப்படாதீர்கள், அக்கா நன்றாகவே இருக்கிறாள். பேரப்பிள்ளைகள்தான் அவளிடம் மாட்டிக்கொண்டு முழிக்கிறார்கள்.

எழுபதுகளின் கடைசி. எங்கள் ரப்பர் தோட்டத்து மண்டபத்தில் அவ்வப்போது வெள்ளைத் துணி கட்டிப் படம் போடுவார்கள். பார்த்துப் பார்த்து எனக்கும் படம் எடுக்கும் பைத்தியம் பிடித்தது. ஈப்போ பக்கம் சிலிபினில் ஒரு போட்டோக் கடையில் வேலை பார்த்த நண்பன் மணியம், முதலாளியிடம் கெஞ்சி ஒரு சூப்பர் எட்டு சினிமா கேமராவைக் கொண்டுவந்தான். கதை, இயக்கம், வில்லன் எல்லாம் நானே. கதாநாயகிதான் கிடைக்கவில்லை. அக்காவின் காலில் விழுந்தேன்.

"கடைசியில நான் என்னா ஆவேன்?"

"செத்துருவக்கா."

"கல்யாணம் பேசுற நேரத்துல சாவச் சொல்றியா? அம்மாவுக்குத் தெரிஞ்சா கொன்னுரும்லா!"

புதுச் சேலை கட்டலாம் என்றதும் சாகச் சம்மதித்தாள்.

ரப்பர் மரத்தடியில் அட்டைக் கத்தியால் குத்தினேன். விழுந்தாள். ரத்தத்துக்குப் பதிலாக, சேலையில் படாமல் கழுத்தில் தக்காளி சாஸை ஊற்றினோம். அந்த இனிப்புக்குச் செவ்வெறும்புகள் வரும் என்று எந்த இயக்குநருக்குத் தெரியும்? பிணம் அலறிக்கொண்டு எழுந்து மரங்களுக்கிடையே ஓடியது. மணியம் நிறுத்தாமல் எடுத்துக்கொண்டே இருந்தான், பிலிம் தீரும்வரை.

"ஏன்டா நிறுத்தல?"

"நல்லா இருந்துச்சு மச்சான்!"

வேறு பிலிம் வாங்க வழியில்லை. அப்படியே மண்டபத்தில் போட்டோம். ஊமைப் படம் என்பதால் துணிக்குப் பின்னால் மைக்கோடு நின்று எல்லோருக்கும் நானே குரல் கொடுத்தேன். அக்கா விழுந்ததும் முன்வரிசையில் அம்மா, "ஐயோ, எம்புள்ள!" என்று எழுந்துவிட்டார். எனக்கு வசனமெல்லாம் மறந்துபோனது. அக்கா துள்ளி எழுந்த அதே நொடியில், "சாவலம்மா! அக்கா சாவல!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். மண்டபம் விசிலில் அதிர்ந்தது. அம்மா சிரித்துக்கொண்டே விளக்குமாற்றைத் தேடினார்.

ஒரு வாரம் எனக்குக் குரலே இல்லை. திரும்பி வந்தது இந்தக் கரகரப்புதான். எண்பதுகளில் பங்க் பாட அதுவே போதுமானதாக இருந்தது.

தோட்டம் இப்போது வீடமைப்புப் பகுதி. மண்டபம் நின்ற இடத்தில் கார்கள் நிற்கின்றன. அந்தப் பிலிம் தகரக்கூரைச் சூட்டில் டோடோல் இனிப்பு மாதிரி ஒட்டிப்போய்விட்டது. அம்மாவும் இல்லை. செத்தவர் எழுந்து ஓடி, ஊரே கைதட்டிய நாள் அது ஒன்றுதான்.