குற்றம் செய்யாத சித்தப்பா

பதினொரு வயதில் நான் பொய்ச்சாட்சி சொன்னேன். சொன்னதற்காக இன்றுவரை வெட்கப்படவில்லை. அன்றே மாட்டிக்கொண்டதற்குத்தான் வெட்கம். இத்தனைக்கும் அந்த வருடம் தமிழ்ப்பள்ளிகளுக்கான கதை சொல்லும் போட்டியில் எனக்குத்தான் முதல் பரிசு.

வழக்கு, அம்மாவின் தங்கையான சின்னம்மாவுடையது. கல்யாணமாகி நான்கு வருடம், பிள்ளையில்லை. விவாகரத்து வேண்டும் என்று மலாக்கா மாநிலத்து அலோர் காஜாவில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தம் ரப்பர் தோட்டத்துக் கோயில் தலைவரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு சித்தப்பாவும் வந்தார்.

தலைவர் விசாரணையைத் தொடங்கினார்.

"தண்ணி போடுறாரா?"

"இல்லண்ணே" என்றார் சின்னம்மா.

"கைய நீட்டுறாரா?"

"இல்ல."

"வேற பொம்பள சகவாசம்?"

"ஐயோ, அந்த மாதிரி ஆள் இல்லண்ணே."

"அப்புறம் என்னா லா பிரச்சன?"

"பேச மாட்டேங்கிறாரு. வர்றாரு, சாப்பிடுறாரு, தூங்குறாரு. நாலு வருசத்துல ‘நீ சாப்பிட்டியா’ன்னு ஒரு வார்த்த கேட்டதில்ல. அந்த வீட்டுல எங்கிட்ட பேசுனது ரேடியோ மட்டுந்தான்."

தலைவர் வாய்விட்டுச் சிரித்தார். "இதுக்கெல்லாம் கோர்ட்டுக்குப் போனா மலாக்காவுல ஒரு குடும்பம் மிஞ்சுமா? நான் பேசுறத நிறுத்துனா என் சம்சாரம் கோயிலுக்கு வந்து தேங்கா ஒடைக்கும்."

கணவனும் மனைவியும் சேர்ந்து மனுப்போட்டால், யார் மீது தப்பு என்று கேட்காமலே பிரித்து வைக்கும் சட்டம் அப்போதே இருந்தது. அந்தத் தாளைத்தான் சின்னம்மா நீட்டிக்கொண்டிருந்தார். சித்தப்பா அன்று பேசியது ஒரே வாக்கியம்:

"நான் என்னா தப்பு செஞ்சேன், கையெழுத்துப் போட?"

கையெழுத்து என்றால் குற்றத்தை ஒப்புக்கொள்வது என்று அவர் எண்ணம். அவர் போடாவிட்டால், சின்னம்மா தனியாக மனுச்செய்து அவர்மேல் குற்றத்தைக் காட்ட வேண்டும். அல்லது இரண்டு வருடம் பிரிந்து வாழ்ந்து காட்ட வேண்டும். இன்று நினைத்தாலும் எனக்குக் கொதிக்கிறது. கொலை வழக்கில்கூடக் குற்றம் நிரூபணமாகாவிட்டால் விடுதலை. சின்னம்மாவுக்கோ குற்றம் நிரூபணமானால்தான் விடுதலை. அதுவும் அடுத்தவர் செய்த குற்றம்!

குற்றம்தானே வேண்டும், கொடுத்தால் போயிற்று என்று நான் எழுந்து நின்றேன்.

"சித்தப்பா பெல்ட்டால அடிச்சாரு. நான் பார்த்தேன்."

போட்டியில் சொல்வதுபோல ஏற்ற இறக்கத்தோடு சொன்னேன். பித்தளைக் கொக்கியையும், நாட்காட்டியில் தெறித்த ரத்தத்தையும் சேர்த்துக்கொண்டேன். கைலியைத் தவிர வேறெதையும் கட்டி அறியாத மனிதருக்குப் பெல்ட் ஏது என்று எந்த நடுவரும் என்னைக் கேட்டதில்லை, பாருங்கள். சித்தப்பா தேநீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

சின்னம்மா தலையை ஆட்டியிருந்தால் போதும்.

"பாப்பா பொய் சொல்லுது" என்றார். "அந்த மனுசன் கொசுவக்கூட அடிச்சதில்ல."

"கேட்டீங்களா? சொக்கத் தங்கம்!" என்று தலைவர் எழுந்தார். "போம்மா, போய்க் குடும்பம் நடத்து."

அம்மா என் தொடையில் கிள்ளிய இடம் மூன்று நாள் கன்றிப்போயிருந்தது. அந்த வழக்கில் உண்மையிலேயே காயப்பட்டவள் நான் ஒருத்திதான்.

சின்னம்மா திரும்பிப் போகவில்லை. பத்து பெரண்டாம் என்ற ஊரில் தொழிற்சாலை வேலை, வாடகைக்கு ஓர் அறை. ஒரு பொய்யைச் சொல்லாததற்கு விலையாக இரண்டு வருடம் தனியாக இருந்து, அதன் பிறகு மனுப்போட்டுத்தான் விடுதலை வாங்கினார்.

எனக்கோ அவர்மேல் கோபம் தீரவில்லை. முதல் பரிசு வாங்கிய வாயை ஊர் முன்னால் பொய்யாக்கியவர் அல்லவா! மாதத்தில் ஒரு ஞாயிறு, பஸ் பிடித்து, எனக்குப் பிடித்த பிஸ்கட்டோடு வருவார்.

"இன்னும் கோவமா பாப்பா? ஒரு வார்த்த பேசேன்."

பிஸ்கட்டை மட்டும் வாங்கிக்கொள்வேன். அந்த இரண்டு வருடமும் அவரோடு நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பேச்சுக் கொடுக்கும்போதெல்லாம் எழுந்துபோய் ரேடியோவைச் சத்தமாக வைப்பேன். அவர் ஏன் அப்படி முகம் வெளுத்து உட்கார்ந்திருப்பார் என்பது மட்டும் எனக்கு அப்போது புரியவே இல்லை.