நிக்கோணுமா, படியோணுமா?

பழனியில் மொட்டை போட்டால் போன முடியேதான் திரும்ப வரும் என்பது என் சொந்த அனுபவம். காது குத்தியபோது எனக்குப் போட்டார்கள். கோரை முடியாகப் போனது, கோரை முடியாகவே வந்தது. அம்மாவுக்கு மட்டும் முருகன் ஆள் மாற்றிக் கொடுத்துவிட்டார். இடுப்பு வரை நேராகத் தொங்கிய பின்னல் போய், காது மடலைக்கூடத் தொடாத சுருட்டை முடி வந்திருந்தது. அது வேறு யாருக்கோ சேர வேண்டியது, அந்த யாரோ எங்கேயோ அம்மாவின் நீள முடியோடு திரிகிறார் என்று மூன்றாம் வகுப்பில் நான் உறுதியாக நம்பினேன்.

என் மனக்குறை வேறு. என்னை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். தொண்டாமுத்தூரில் மாமா வீட்டில் என்னை விட்டுப் போனவர்கள் திரும்பி வந்தபோது அம்மாவின் தலையில் துண்டு இருந்தது, கையில் பஞ்சாமிர்தம் இல்லை. பழனிக்குப் போய்ப் பஞ்சாமிர்தம் வாங்காமல் யாராவது வருவார்களா? கேட்டதற்கு, "கடையச் சாத்திப்போட்டாங்க கண்ணு" என்றார் அப்பா. அவர்கள் பழனிக்கே போகவில்லை, அம்மாவின் முடி ஆஸ்பத்திரியில் புற்றுநோய்க்கு ஏற்றிய மருந்தில் கொட்டியது என்பதெல்லாம் நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் எனக்குச் சொல்லப்பட்டது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் பஞ்சாமிர்தம் வரவில்லை என்பதுதான்.

அந்தத் தை மாதம் மாமாவுக்குக் கல்யாணம். எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் அக்காவோ தங்கையோ செய்ய வேண்டிய இணைச்சீர் என்று ஒன்று உண்டு. தாலி கட்டுவதற்கு முன், கூறைப்புடவையின் ஒரு தலைப்பு தம்பியிடமும் மறு தலைப்பு அக்காவிடமுமாக, சொந்தபந்தம் முழுக்கப் பார்க்க நிற்க வேண்டும். அம்மா கண்ணாடியைப் பார்த்தாள்.

"இந்தத் தலையோட நான் மேடை ஏற மாட்டனுங்க. ஆளாளுக்குப் பாவம் பாப்பாங்க. பெரியப்பா மகளையே செய்யச் சொல்லிப்போடுங்க."

அக்கா நிற்காவிட்டால் கல்யாணமே வேண்டாம் என்று மாமா போனில் சத்தம் போட்டார். அம்மா அசையவில்லை.

அப்பாவுக்குக் கணபதி என்கிற பகுதியில் லேத் பட்டறை. எந்த மெஷினுக்கு எந்த எண்ணெய் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். தலைமுடியும் அதே கணக்கில் வரும் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு கிராஸ்கட் ரோட்டில் ஒரு ஃபேன்ஸி கடைக்குப் போனார்.

"ஏனுங்க, முடிய அசையாமப் புடிச்சு வெக்கறதுக்கு என்ன இருக்குதுங்க?"

"ஜெல்லுங்களா, வாக்ஸுங்களா, ஸ்ப்ரேங்களா, மூஸுங்களா?" என்றாள் கடைப்பெண். "முடி நிக்கோணுமா, படியோணுமாங்க?"

அப்பா விழித்தார். என்னைப் பார்த்தார். நான் என்னத்தைக் கண்டேன்?

"யாருக்குங்க?" என்று அவள் அடுத்ததாகக் கேட்டாள்.

"எனக்குத்தானுங்க."

அப்பாவுக்குத் தலையில் இரண்டு காதுகளுக்கு மேலே தவிர வேறெங்கும் முடி கிடையாது. கடைப்பெண் அந்தத் தலையை ஒருமுறை மரியாதையாகப் பார்த்துவிட்டுக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். அப்பா பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை என்று நினைத்துக்கொண்டேன். எதற்குச் சொன்னார் என்று பிடிபடவில்லை. கடைசியில் எல்லாவற்றிலும் ஒவ்வொன்று வாங்கிக்கொண்டு வந்தோம்.

ஜெல்லை அப்பா பேரிங்குக்கு கிரீஸ் வைப்பதுபோல அள்ளி அப்பினார். முடி படிந்தது. காய்ந்ததும் முள் முள்ளாக எழுந்து வெள்ளைப் பொடியாகத் தோளில் உதிர்ந்தது. வாக்ஸ், முடியை விட்டுவிட்டுச் சீப்பைப் பிடித்துக்கொண்டது. ஸ்ப்ரே வாசத்துக்கு அம்மா குமட்டிக்கொண்டு குளியலறைக்கு ஓடினாள். உள்ளே குழாய் திறந்த சத்தம் கேட்டது, மூடுகிற சத்தம் கேட்கவே இல்லை. ஒரு சொம்புத் தண்ணீரை வீணாக்கினாலும் என்னைத் திட்டுகிறவள், வாளி வழிவதுகூடத் தெரியாமல் என்னதான் செய்கிறாள்? அப்பா கையில் சீப்போடு கதவுக்கு வெளியே நின்றார். ஏனோ அவர் கதவைத் தட்டவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலை அப்பா சவரம் செய்ய உட்கார்ந்தார். அலமாரியிலிருந்த டப்பாவை அழுத்தி, வந்த நுரையைக் கன்னமெல்லாம் பூசினார். ரேசர் நகர மறுத்தது. மீசை இரண்டு பக்கமும் விறைத்துக்கொண்டு நின்றது.

"ஏனுங்க! அது மூஸுங்க!"

அம்மா சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து வெகுகாலம் ஆகியிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டே டப்பாவைப் பிடுங்கி, அதில் எழுதியிருந்ததை அப்போதுதான் படித்தாள். ஈர முடியில் தடவி, சீப்புப் போடாமல், கையாலேயே கசக்கிவிட வேண்டுமாம்.

"இது படிய வெக்கறதுக்கில்லீங்க. சுருட்டை முடி சுருட்டையாவே நிக்கறதுக்கு."

அப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அந்தச் சுருட்டையைப் படிய வைக்கத்தானே இத்தனை பாடு? எனக்கும் அதே சந்தேகம்தான். அம்மா எங்கள் இருவரையும் பொருட்படுத்தாமல் தலையை நனைக்கப் போய்விட்டாள்.

மறுநாள் அம்மா மேடை ஏறினாள். தலை முழுக்கச் சுருள் சுருளாக மினுங்க, காதோரம் கிளிப்பில் கொஞ்சம் மல்லிகையோடு, கூறைப்புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மறு தலைப்பைப் பிடித்திருந்த மாமா அவளையே பார்த்துக் கண் கலங்கினார். கீழே இறங்கியதும் தூரத்து அத்தை ஒருத்தி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏனம்மணி, எந்தப் பார்லர்ல சுருட்டிவுட்டாங்க? அத்தனை நல்லாருக்குது!"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அம்மா வாய் திறப்பதற்குள் முந்திக்கொண்டேன்.

"பார்லரெல்லாம் இல்லீங்க. பழனியில மொட்டை போட்டாங்க, இப்படி வந்துருச்சுங்க. அடுத்த வருசமும் போடுவாங்க. இல்லீங்களாம்மா?"

அப்பா விருட்டென்று எழுந்து கை கழுவுமிடத்துக்குப் போய்க் குழாயைத் திறந்தார். இன்னும் யாரும் சாப்பிடவே உட்கார்ந்திருக்கவில்லை. அம்மா குனிந்து என்னை எலும்பு நோக இறுக்கிக்கொண்டாள்.

"வேண்டாஞ் சாமி. ஒருக்காப் போட்டதே போதும்."

இவ்வளவு நல்ல முடியைக் கொடுத்த முருகனிடம் இன்னொரு தடவை போனால் என்ன? யோசித்துப் பார்த்ததில், அடுத்த தடவை பழைய நேர் முடியையே அவர் திருப்பிக் கொடுத்துவிடுவார் என்று அம்மா பயப்படுகிறாள் எனத் தோன்றியது. சரி, அவள் போக வேண்டாம் என்று நானும் விட்டுவிட்டேன். பஞ்சாமிர்தத்தை நினைத்துத்தான் கொஞ்சம் வருத்தமாக இருந்தது.