எங்கள் அக்காவின் ‘ப’

என் அக்காவின் பெயர் ‘ப’வில் தொடங்கும். தமிழில் அதற்கு ஒரே எழுத்து. இங்கிலீஷில் இரண்டு, அந்த இரண்டையும் தமிழில் எழுதினால் மறுபடியும் ‘பி’தான். அடையாள அட்டையில் ஒரு பி, கிளினிக்கின் பழைய பதிவுக் கொப்பியில் இன்னொரு பி. தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கிறவளுக்கு அதனால் என்ன வந்துவிடப் போகிறது என்று இருந்துவிட்டோம்.

அக்காவுக்கு எச்.ஐ.வி. லயத்து வீடுகளில் பிரஷர் என்று சொல்லி வைத்திருந்தோம். பொகவந்தலாவையிலிருந்து பஸ்ஸில் நான்தான் கிளினிக்குக் கூட்டிப்போவேன். ஹட்டனில் புடவைக்கடையில் வேலைக்கு நிற்பதால் எனக்குச் சிங்களம் வரும்.

கொப்பியை எல்லாம் கம்பியூட்டரில் ஏற்றினார்கள். இனி எல்லாம் நொடியில் தெரியுமாம். பதிந்த சிங்களப் பிள்ளை, அட்டையில் ஒன்று, கொப்பியில் ஒன்று, இரண்டில் எது சரி என்று கேட்டிருக்கிறாள். நான் மருந்து வரிசையில் நின்றேன். அக்கா தன் அரைகுறைச் சிங்களத்தில், இரண்டும் ஒன்றுதான் என்றிருக்கிறாள். அந்தப் பிள்ளை கொப்பியில் இருந்ததையே கம்பியூட்டரில் அடித்துவிட்டாள்.

அக்கா மெலிந்துகொண்டே போனாள். மருந்து கேட்கிறதா என்று பார்க்க இரத்தம் எடுத்து அனுப்பினார்கள்; குப்பியில் அடையாள அட்டைப் பெயர். ரிசல்ட் வந்தால்தான் மருந்தை மாற்றலாம். யாழ்ப்பாணத்து டாக்டர் ஒவ்வொரு தடவையும் அக்காவைப் பார்க்காமல் திரையைப் பார்த்தார்.

“இன்னும் வரேல்லை அம்மா. மருந்தை ஒழுங்காப் போடுறீங்களோ?”

“ஒரு நாளும் விட்டதில்லைங்க.”

பஸ்ஸில் வரும்போது அக்கா சொன்னாள்: “நான் பொய் சொல்றேன்னு நெனைக்கிறாரு போல.”

மூச்சு வாங்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தபோதுதான் ஒரு நர்ஸ் அடையாள அட்டையைப் பார்த்து கம்பியூட்டரில் மற்ற ‘பி’யில் தேடினாள். ரிசல்ட் எப்போதோ வந்து அங்கே கிடந்தது. பழைய மருந்து கேட்கவில்லை, உடனே மாற்ற வேண்டும் என்று. மாற்றினார்கள். அதைத் தாங்க அக்காவின் உடம்பில் ஒன்றும் மிச்சமில்லை. அந்தக் கிழமை முடியுமுன்னே போய்விட்டாள்.

காரியம் முடிந்து நான் கடைக்குத் திரும்பிய பிறகு ஒரு போன் வந்தது. கிளினிக்கிலிருந்து ஒரு பெண், சிங்களத்தில், மரியாதையாகத்தான் பேசினாள். அக்கா வரவில்லை என்று கம்பியூட்டர் காட்டுகிறதாம். மருந்தை நிறுத்திவிட்டாரா, நிறுத்தினால் ஆபத்து என்று எடுத்துச் சொல்லுங்கள் என்றாள்.

எனக்குச் சிங்களம் வாயில் வரவில்லை. கடையில் ஆட்கள் நிற்பதும் நினைவில்லை. தமிழிலேயே கத்தினேன்: “நிறுத்தலைங்க. சாகிற அன்னிக்குக் காலையிலகூட போட்டாங்க.”