ஹீற்றரும் கிணற்று முறையும்

1985 மாசியில் உரும்பிராயில், மனைவியின் பெற்றோர் வீட்டில் இருந்தோம். மகளுக்கு நாலு மாதம். அவள் குளிப்பதற்காக மைத்துனர் கொழும்பிலிருந்து ஒரு ஹீற்றர் அனுப்பியிருந்தார். வாளித் தண்ணீருக்குள் தொங்கவிட்டுச் சுவிச்சைப் போட்டால் இருபது நிமிடத்தில் ஆவி பறக்கும். சில நாட்களிலோ முக்கால் மணி நேரமாகியும் வெதுவெதுப்புக்கு மேல் ஏறாது.

முதல் முறை பிளக்கைக் கழற்றி, வயர்களின் நுனியைச் சுரண்டித் திரும்ப முறுக்கினேன். மறுநாள் நன்றாக வேலை செய்தது. குறிப்புப் புத்தகத்தில் ‘சரி’ என்று எழுதினேன். மூன்று நாள் கழித்துப் பழையபடி. பியூஸ் கம்பியை மாற்றினேன். மறுபடி ‘சரி’, மறுபடி பழையபடி.

மாமா பொறுமை இழந்தார்.

“தம்பி, நீர் கழட்டக் கழட்டத்தான் உது பழுதாகுது. ஞாயிற்றுக்கிழமை சின்னவளின்ரை புருசன் வருவான். அவனிட்டைக் குடுத்துவிடுவம்.”

சகலன் வீட்டுக்குப் போன பொருள் திரும்பி வந்ததாக என் குறிப்புகளில் ஒரு பதிவும் இல்லை.

“இஞ்சருங்கோ, எழுதினது காணும், புத்தகத்தை வையுங்கோ. எனக்குச் சுடுதண்ணி வேணும்,” என்றாள் மனைவி.

வெள்ளி மத்தியானம் அந்தக் குறிப்புகளையே புரட்டினேன். சூடேறாத நாட்கள்: திங்கள், வியாழன், ஞாயிறு, புதன். மூன்று நாளுக்கு ஒருமுறை! பங்குக் கிணற்றிலிருந்து வெங்காயத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் எங்கள் முறையும் அப்படித்தான். மற்றப் பங்காளிகள் இருவரும் மண்ணெண்ணெய் மெசினால் இறைத்தார்கள். மாமாவிடம் மட்டும் மின்சார மோட்டர்.

சனிக்கிழமை எங்கள் முறை. குளியலறை லைற்றைப் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். வேலிக்கு அப்பால் மோட்டர் உறுமியது; லைற் மங்கியது.

“மாமா, மோட்டரை ஒருக்கா நிப்பாட்டுங்கோ!”

“ஏன், ஷொக் அடிச்சுப்போட்டுதோ?”

நிறுத்தியதும் லைற் தெளிந்தது. அவரை உள்ளே கூப்பிட்டு, நானே போய் மோட்டரை இருமுறை போட்டு நிறுத்திக் காட்டினேன். மோட்டருக்குப் போகும் மெல்லிய வயரிலேயே குளியலறை லைற்றுக்கும் பிளக்குக்கும் கிளை எடுத்திருந்தார்கள். மோட்டரையும் ஹீற்றரையும் சேர்த்துத் தாங்க அதற்கு வலுவில்லை. ஹீற்றரில் ஒரு குறையும் இல்லை.

மாமா லைற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். “வெங்காயத்தைக் காய விடேலாது.”

“பிள்ளையைக் குளிராலை நடுங்க விடலாமோ, அப்பா?” என்றாள் மனைவி.

ஞாயிறு வந்த சகலன் மத்தியானச் சாப்பாட்டோடும் ஒரு பப்பாசிப் பழத்தோடும் திரும்பிப் போனார்.

செவ்வாய் காலை கிணற்றடியிலிருந்து குரல் வந்தது:

“தம்பி, பிள்ளை குளிச்சிட்டாளோ? மோட்டரைப் போடட்டோ?”

“பொறுங்கோ மாமா, இன்னும் அஞ்சு நிமிசம்,” என்றேன்.