நாலாவது பக்கம்

நெல்லியடியில் ஆசிரியர்களுக்கு நடந்த கணினிச் செயலமர்வுக்கு நான் சண்டைக்குப் போவதுபோலத்தான் போனேன். கொடிகாமத்துப் பக்கம் இருக்கிற எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்த இரண்டு மடிக்கணினிகள் அதிபரின் அலுமாரிக்குள் பூட்டிக் கிடந்தன. புலமைப்பரிசில் சோதனைக்குப் படிக்கிற வகுப்புக்கு அவற்றைக் கொடுக்க அவருக்கு ஆசை. நானோ படிக்கச் சிரமப்படுகிற பிள்ளைகளுக்கான விசேட கல்வி அலகின் ஆசிரியை. வலயக் கல்வி அதிகாரி தீர்ப்புச் சொல்லிவிட்டார்: பயிற்சி எடுத்து வந்து ஒரு கணிதப் பாடம் நடத்திக் காட்டினால் கணினி என் பிள்ளைகளுக்கு. இல்லாவிட்டால் இல்லை.

முதல் நாள் கணினியைக் கண்ணிலேயே காட்டவில்லை. ஒருவர் இயந்திரமாக நிற்க, மற்றவர் கட்டளை எழுதிக் கொடுத்து அவரைச் சதுரமாக நடக்கவைக்க வேண்டும். "மிசின் தானா யோசிக்காது, எழுதினதை மட்டும்தான் செய்யும்!" என்று பயிற்றுவிக்க வந்த பெண் தொண்டை கிழியக் கத்தினாள். எனக்கு வாய்த்த இயந்திரம், ஓய்வுபெற ஒரு வருடமே இருந்த சண்டிலிப்பாய் மாஸ்டர் ஒருவர். 'நாலு அடி நட, வலப்பக்கம் திரும்பு. இதை மூன்று தரம் செய்' என்று எழுதிக் கொடுத்தேன். சதுரத்துக்கு மூன்று மூலையில் திரும்பினால் போதும்தானே என்பது என் கணக்கு. மனிதர் தொந்தியைத் தூக்கிக்கொண்டு அச்சொட்டாகச் சதுரம் நடந்து, தொடங்கிய இடத்திலேயே வந்து நின்றார். சந்தோசத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தத் தாளைப் பத்திரமாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

அடுத்த கிழமை அதிகாரி என் வகுப்புக்கு வந்து கதிரையில் அமர்ந்தார். பதினொரு வயது மாணவி ஒருத்தி, கதைப்பது குறைவு, இயந்திரமாக நின்றாள். கைப்பையிலிருந்த அதே தாளை அவளிடம் கொடுத்தேன். வாசித்தாள், நடந்தாள், திரும்பினாள். மூன்று பக்கம் முடிந்ததும் டக்கென்று நின்றுவிட்டாள்.

"நட பிள்ளை," என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தேன். அவள் அசையவில்லை.

"பிள்ளைக்கு விளங்கேல்லைப் போல," என்றார் அதிகாரி.

என் நாக்கில் சனி. "ஓம் சேர், உவ இப்பிடித்தான். சப்பாத்தைக் கழட்டு எண்டால் ஒண்டைக் கழட்டிப்போட்டு நிப்பா," என்றேன். கணினி போகப்போகிறதே என்ற பதற்றத்தில் பிள்ளையைக் காட்டிக்கொடுத்துவிட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது.

அவள் தாளைப் பார்த்தாள், நிலத்தைப் பார்த்தாள். நேரே என் மேசைக்கு வந்து, சிவப்புப் பேனையை எடுத்து, மூன்றை வெட்டி நாலு போட்டாள். கீழே, நான் அவளுடைய கொப்பியில் எழுதுவதுபோலவே, 'கவனம்' என்று எழுதினாள். பிறகு முதலிலிருந்து தொடங்கிச் சதுரம் முழுவதையும் நடந்து முடித்தாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த மாஸ்டர் என் பிழையைக் கண்டு, பாவம் என்று, நாலாவது பக்கத்தைத் தானாகவே நடந்திருக்கிறார்! ஆசிரியர்களாகிய எங்கள் எல்லோருடைய புத்தியும் அதுதான். பிள்ளை இழுபட்டால் கையைப் பிடித்து விடையை நாங்களே எழுதிவிடுவோம்.

"சேர், பிழை என்ரை. பிள்ளை எழுதினதைச் சரியாச் செய்தவ," என்றேன்.

அதிகாரி தாளை வாங்கிப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். "ரீச்சர், உங்கடை கையிலை கணினியைத் தரலாமோ எண்டு தெரியேல்லை. இவவின்ரை கையிலை தரலாம்."

"அவவின்ரை கையிலையே குடுங்கோ சேர்," என்றேன். வெட்கத்தில் முகம் எரிந்தது. ஆனாலும் சந்தோசத்தில் அழுதுவிட்டேன்.